சமுதாயக் கல்லூரியில் சமூக அறிவியல் நடத்துகிறவருக்கு என்ன பின்னணி வேண்டும்? – குமரி மாவட்டத்தை முன்வைத்து

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கல்லூரி வாசல்களில் கூட்டம் கூடிவிடும். ஃபீஸ் எவ்வளவு, பஸ் எந்த வழியாக வரும், ஹாஸ்டல் உண்டா என்று எல்லாம் விசாரிப்பார்கள். பாடம் நடத்தப் போகிறவர் என்ன படித்தவர், எதில் ஆராய்ச்சி செய்தவர் என்று கேட்கிறவர்கள் குறைவு. நர்சிங், இன்ஜினியரிங் என்றாலாவது கொஞ்சம் விசாரணை நடக்கும். வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகப்பணி என்றால் யார் நடத்தினாலும் ஒன்றுதான் என்று விட்டுவிடுகிறோம். ஒன்று அல்ல. பின்னணி மாறினால் வகுப்பே மாறிவிடும். இந்தப் பதிவு இரண்டு பேருக்கு: சேரப் போகும் மாணவரின் வீட்டாருக்கும், எம்.ஏ. முடித்துவிட்டு ஆசிரியர் வேலை தேடும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கும்.

முதலில் சமுதாயக் கல்லூரி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இந்த வகைக் கல்லூரி அமெரிக்காவில் பிறந்தது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் 1901-ல் தொடங்கியது அங்கே முதலாவது. இரண்டு வருடப் படிப்பு, உள்ளூர்ப் பிள்ளைகள், குறைந்த கட்டணம். அங்கே வரலாறோ உளவியலோ நடத்த அந்தப் பாடத்தில் முதுகலை இருந்தால் பொதுவாகப் போதும். முதுகலை வேறு பாடத்தில் என்றால், நடத்தும் பாடத்தில் முதுகலை மட்டத்தில் 18 கிரெடிட் (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) முடித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் எதிர்பார்ப்பார்கள். நம் நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) போல நாடு முழுவதற்கும் ஒரு தேர்வு கிடையாது.

இந்தியாவுக்கு இந்த யோசனை 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் வந்தது. இங்கே அது வேறு உருவம் எடுத்தது: படிப்பை இடையில் விட்டவர்களுக்கு ஒரு வருட டிப்ளமோ, வாழ்க்கைத் திறன், தொழில் திறன், இன்டர்ன்ஷிப். பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் தன் பங்குக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு வருட டிப்ளமோவுக்கு 60 கிரெடிட். 36 தொழில் திறனுக்கு, 24 பொதுக் கல்விக்கு. இரண்டு வருட அட்வான்ஸ்டு டிப்ளமோ என்றால் 120. அதில் பொதுக் கல்விக்கு 48. சமூக அறிவியல் ஆசிரியருக்கு இந்த 24-க்குள்தான் இடம். தையலோ உணவுத் தயாரிப்போ படிக்க வந்த பெண்ணுக்கு அரசியலமைப்பு, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், கணக்கு வழக்கு, மனநலம் எல்லாவற்றையும் அந்தச் சின்ன இடத்துக்குள் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று வருட பி.ஏ. வகுப்பில் நிதானமாக நடத்திப் பழகிய கை இங்கே தடுமாறும். எனவே சமுதாயக் கல்லூரிக்கு எந்தப் பின்னணி பொருந்தும் என்பது தனிக் கேள்வி. அதற்குக் கீழே வருகிறேன்.

ஆசிரியர் பட்டியலில் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளை எப்படி வாசிப்பது? உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு மானியக் குழுவின் 2018 ஜூலை 18 விதிகள்தான் அடிப்படை. முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, கிரீமி லேயர் அல்லாத பிற பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. கருணை மதிப்பெண் சேர்த்து 55-ஐத் தொட்டால் செல்லாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 54.8 வாங்கிவிட்டு, 55 என்று எடுத்துக்கொள்வார்கள் என நம்பி வருடக்கணக்கில் விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எம்.ஏ. படிக்கும்போதே இம்ப்ரூவ்மென்ட் எழுத வாய்ப்பிருந்தால் அப்போதே எழுதிவிட வேண்டும்; பட்டம் கைக்கு வந்த பிறகு வழி அடைபட்டுவிடும்.

அடுத்தது நெட். 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட், மாநில அளவிலான தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்று குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. நெட் தேர்வில் இரண்டு தாள். முதல் தாளில் 50 கேள்வி, 100 மதிப்பெண். கற்பித்தல், ஆய்வு, தர்க்கம், தரவு விளக்கம் எல்லாப் பாடத்துக்கும் பொது. இரண்டாவது தாளில் சொந்தப் பாடம், 100 கேள்வி, 200 மதிப்பெண். மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எனவே ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடக் கூடாது. பொருளியலுக்குக் குறியீடு 01, அரசியல் அறிவியல் 02, உளவியல் 04, சமூகவியல் 05, வரலாறு 06, சமூகப்பணி 10. பொதுப்பிரிவினருக்கு இரண்டு தாளும் சேர்த்து 40 விழுக்காடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 35 வேண்டும். அதை வாங்கினால் பாஸ் என்று நினைத்துவிடக் கூடாது. தேர்வு எழுதியவர்களில் ஏறக்குறைய 6 விழுக்காட்டினர்தான் தகுதி பெறுவார்கள். பாடவாரியாகவும் பிரிவுவாரியாகவும் கட்-ஆஃப் வரும்.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது மொழியில். நெட் வினாத்தாள் மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றுக்கு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் எம்.ஏ. வரலாறு படித்தவருக்கு விஷயம் தெரியும். கேள்வியில் வரும் ஆங்கிலக் கலைச்சொல்தான் காலை வாரும். நிலவரி முறைகள், அரசியல் கோட்பாடுகள், பொருளியல் மாதிரிகள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயரைத் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்து முதல் செமஸ்டரிலிருந்து படித்தால் இந்தக் கஷ்டம் பாதி தீரும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தொடங்கினால் நேரம் போதாது.

2024 ஜூன் முதல் நெட் முடிவில் மூன்று வகை வருகிறது: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) உடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூன்றாவது வகையில் வந்தவர் ஆசிரியர் பணிக்குத் தகுதி பெறவில்லை. பயோடேட்டாவில் "நெட்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். செட் தகுதி அந்தந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்பதால் நம் மாவட்டத்தில் இது முக்கியம். இங்கே எடுத்த தமிழ்நாடு செட் பாறசாலையில் உதவாது. அங்கே எடுத்தது இங்கே உதவாது. 2002 ஜூன் 1-க்கு முன் ஸ்லெட் எடுத்த மூத்தவர்களுக்கு மட்டும் இந்த எல்லை கிடையாது.

பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். பற்றிக் குழப்பம் நிறைய. 2022 நவம்பரில் வந்த பிஎச்.டி. விதிகளோடு எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. அதற்கு முன் முறையாக முடித்தவர்களின் பட்டம் செல்லும். புதிதாகச் சேரக் கூடாது. இன்னமும் எங்காவது எம்.ஃபில். சேர்க்கை என்று விளம்பரம் கண்டால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். பழைய துறைகளில் பெரும்பாலானவர்கள் எம்.ஃபில். வழியாக வந்தவர்கள்தான். அதை மட்டம் தட்டத் தேவையில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து ஒரு சின்னத் தலைப்பை ஒழுங்காக எழுதிப் பழகியவர்கள் அவர்கள்.

பிஎச்.டி.யில் தேதி முக்கியம். 2009 ஜூலை 11-க்கு முன் பதிவு செய்து முடித்தவர்களுக்கு நெட் விலக்கு கிடைக்க ஐந்து நிபந்தனை உண்டு: முழுமையான நேரடி முறையில் பட்டம் பெற்றிருக்க வேண்டும், வெளித் தேர்வாளர்கள் குறைந்தது இருவர் மதிப்பிட்டிருக்க வேண்டும், திறந்த வைவா (வாய்மொழித் தேர்வு) நடந்திருக்க வேண்டும், இரண்டு கட்டுரை வெளியாகி, அதில் ஒன்றாவது மதிப்பாய்வு இதழில் வந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். இந்த ஐந்தும் நிறைவேறியது என்று பல்கலைக்கழகப் பதிவாளரோ கல்விப் புல டீனோ கையெழுத்திட்ட சான்று வேண்டும். கைடு கொடுக்கும் கடிதம் போதாது. இந்த ஒரு தாள் இல்லாமல் நேர்காணல் வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

பிஎச்.டி. என்ற எழுத்துகளை விட ஆய்வேட்டின் தலைப்பு பல மடங்கு சொல்லும். மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளத்தில் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆசிரியரின் பெயரைப் போட்டுத் தேடி, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் வாசியுங்கள். கள ஆய்வு என்றால் எத்தனை பேரிடம், எந்த ஊரில், எந்த மாதத்தில் விசாரித்தார் என்று இருக்கும். வரலாறு என்றால் எந்த ஆவணக் காப்பகத்தில் எந்தக் கோப்பைப் பார்த்தார் என்று அடிக்குறிப்பு சொல்லும். அடிக்குறிப்பு எல்லாமே அச்சான புத்தகங்களாக இருந்தால், அவர் மூல ஆவணங்களைத் தொடவில்லை என்று புரிந்துகொள்ளலாம். பத்து நிமிட வேலைதான். அந்த ஆசிரியரிடம் எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று தெரிந்துவிடும்.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. கல்லூரிகளில் நேர்காணலுக்கு அழைக்க 2018 விதிகள் ஒரு மதிப்பெண் அட்டவணை தருகின்றன. இளங்கலையில் 80-க்கு மேல் 21 புள்ளி, 60 முதல் 80 வரை 19, 55 முதல் 60 வரை 16, 45 முதல் 55 வரை 10. முதுகலையில் 80-க்கு மேல் 25, 60 முதல் 80 வரை 23, 55 முதல் 60 வரை 20. பிஎச்.டி.க்கு 25. எம்.ஃபில்.லுக்கு 7 அல்லது 5, ஆனால் எம்.ஃபில்.லும் பிஎச்.டி.யும் சேர்ந்து 25-ஐத் தாண்டாது. ஜே.ஆர்.எஃப். 10, நெட் 8, செட் 5. கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 6 வரை. பணி அனுபவம் வருடத்துக்கு 2 வீதம் 10 வரை. விருதுக்கு 3 வரை. பி.ஏ.வில் 72, எம்.ஏ.வில் 58, நெட், இரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவருக்கு 19, 20, 8, 4 ஆக 51. அதே ஆள் பிஎச்.டி. முடித்தால் 76. கட்டாயமில்லை என்றாலும் பிஎச்.டி. ஏன் எடை போடுகிறது என்பது இதில் தெரியும். இன்னொன்று: பி.ஏ.வில் 59.5 வாங்கியவர் 60 வாங்கியவரைவிட 3 புள்ளி பின்னால் நிற்பார். பி.ஏ. தானே என்று அசட்டையாகக் கடத்திய செமஸ்டர் பத்து வருடம் கழித்தும் கூடவே வரும். இந்தப் புள்ளிகள் அழைப்புக்கு மட்டும்தான். இறுதித் தேர்வு நேர்காணலில். அரசுக் கல்லூரிப் பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனி முறை வைத்திருக்கிறது; அந்தந்த அறிவிக்கையை வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல், பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் வாங்கியது என்பது. குமரி திருவிதாங்கூரில் இருந்தபோது, 1937-ல், திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்த பிறகு இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 1966-க்குப் பின் மதுரைக்கும், 1990-ல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கியதும் திருநெல்வேலிக்கும் மாறின. இப்போது ஓய்வு வயதை ஒட்டி நிற்கும் ஆசிரியரின் பி.ஏ. சான்றிதழில் மதுரை என்றும் பிஎச்.டி.யில் திருநெல்வேலி என்றும் இருந்தால் அவர் ஊர் ஊராகப் போய்ப் படித்தார் என்று அர்த்தமில்லை. ஒரே கல்லூரியில்கூடப் படித்திருக்கலாம்.

இளையவர்களில் பலர் திருவனந்தபுரம் போய் எம்.ஏ. படிக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் தமிழ்நாட்டில் வேலைக்கு வரும்போது பட்டத்தின் பெயர் சரியாகப் பொருந்தாவிட்டால் இணைத்தன்மைச் சான்று கேட்பார்கள். பொருளியல் என்று அறிவிக்கை சொல்ல, கையிலிருப்பது வணிகப் பொருளியல். அரசியல் அறிவியல் என்று சொல்ல, கையிலிருப்பது பொது நிர்வாகம். ஒன்றுக்கொன்று இணை என்று அரசாணை இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால் உயர்கல்வி மன்றத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். விண்ணப்பக் கடைசி நாளுக்கு முன் கையில் இருக்க வேண்டிய சான்று அது. சேரும்போதே பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்வது நல்லது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். பள்ளிகளில் அதை வாங்கக் கோடை விடுமுறைக்கு முன்பே போய்விடுங்கள்.

இனி, பட்டத்தில் எழுதாத பின்னணி. குமரியில் வரலாறு நடத்துகிறவருக்கு மலையாள எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1956-க்கு முந்தைய அரசு ஆவணங்களிலும் நிலப் பத்திரங்களிலும் பல மலையாளத்தில் இருக்கின்றன. வகுப்பில் இருக்கும் மாணவரின் வீட்டிலேயே அப்படி ஒரு பழைய பத்திரம் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். அதைக் கொண்டுவரச் சொல்லிப் பாடம் நடத்த முடிகிற ஆசிரியரும், "அது மலையாளம், எனக்குத் தெரியாது" என்கிற ஆசிரியரும் ஒன்றல்ல.

அந்தப் பத்திரத்தில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கி.பி. 825-ல் தொடங்கும் ஆண்டு அது; இங்கே சிங்ங மாதத்தில், அதாவது ஆவணியில், புத்தாண்டு. எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. சிங்ஙம் முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும். ஜனவரி முதல் கர்க்கடகம் (ஆடி) முடிய 825. "1098 துலாம்" என்றால் 1922 அக்டோபர்-நவம்பர். "1098 மகரம்" என்றால் 1923 ஜனவரி-பிப்ரவரி. தனு மாதம்தான் ஏமாற்றும்: டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும். தனு 16, 17 வாக்கில் ஆங்கில வருடம் மாறுவதால், தேதியையும் பார்த்துத்தான் 824-ஆ 825-ஆ என்று முடிவு செய்ய முடியும். மாணவர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு நாளைக் கொடுங்கள்: திருவிதாங்கூர்க் கோயில் நுழைவு அறிவிப்பு 1112 துலாம் 27. 824 கூட்டினால் 1936. நாள் நவம்பர் 12. 825 கூட்டியவருக்கு 1937 வரும், தவறு உடனே தெரியும். இந்த ஒரு வருடப் பிசகு ஆய்வேடுகளிலும் ஊர் வரலாற்று மலர்களிலும் நுழைந்துவிட்டால், பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போவார்கள்.

ஆவணங்கள் எங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும். திருவிதாங்கூர்க் காலத்துக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகம். 1956-க்குப் பிந்தையவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம். மாணவர்களைக் கூட்டிப்போய் ஏதாவது பதிவெடுக்க வேண்டுமென்றால் அனுமதிக் கடிதம் அங்கேதான் எழுத வேண்டும், நாகர்கோவிலில் அல்ல. தோள்சீலைப் போராட்டம், 1859 ஜூலை 26 அறிவிப்பு, அய்யா வைகுண்டர், மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே, 1741 குளச்சல் போர், 1954 ஆகஸ்ட் 11 மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச் சூடு – இவை எல்லாம் இங்கே பல வீடுகளில் குடும்பக் கதையாகவும் இருக்கும். மிஷன் பதிவேடு ஒன்று சொல்லும், அரண்மனைக் கோப்பு ஒன்று சொல்லும், பாட்டி சொல்வது வேறாக இருக்கும். ஒரே வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது மூன்றையும் மேசையில் வைத்து, எது யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேட்க வைக்கிறவர்தான் பயிற்சி பெற்ற வரலாற்று ஆசிரியர். ஒரு தரப்பின் மலரை மட்டும் வாசித்துவிட்டு வருகிறவருக்குப் பட்டம் எத்தனை இருந்தாலும் இந்த வகுப்பு கனத்ததாகத்தான் இருக்கும்.

பொருளியல் ஆசிரியருக்குப் புள்ளியியல் தெரிந்தால் மட்டும் போதாது. இந்த மாவட்டத்தின் மாதங்கள் தெரிய வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். குமரியில் இரண்டும் உண்டு: சின்னமுட்டம் கிழக்குக் கணக்கில், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கில். மே மாதம் சின்னமுட்டத்தில் ஒரு விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டு, அதே வாரம் குளச்சலில் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டு "குளச்சல் வசதியானது" என்று எழுதினால் அது ஆய்வல்ல; தடைக்காலத்தை அளந்திருக்கிறோம், அவ்வளவுதான். நாட்டுப்படகுக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை என்பதால் அதே தெருவில் அடுத்த வீட்டில் வருமானம் ஓடிக்கொண்டிருக்கும். மாதச் சம்பளம் என்ற சொல்லே இங்கே பொருந்தாது: டீசல், ஐஸ், கமிஷன் போக மிச்சத்தைப் பங்கு போடுகிறார்கள். எனவே "கடைசியாகப் போய் வந்ததில் உங்கள் பங்கு எவ்வளவு, தடைக்கு முன் ஒரு நல்ல வாரத்தில் எவ்வளவு, தடையில் எதை வைத்துச் சமாளித்தீர்கள்" என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

மலையோரத்தில் ரப்பருக்கும் இதே கதை. மழை பெய்தால் பால் வெட்டு நிற்கும். நமக்கோ தென்மேற்கும் வடகிழக்கும் என இரண்டு பருவமழை. மழை மறைப்பு கட்டிய தோட்டத்தில் வெட்டு நடக்கும், கட்டாத தோட்டத்தில் நடக்காது. இலை உதிர்ந்து தளிர்க்கும் நாட்களில், சுமார் பிப்ரவரி-மார்ச்சில், மரத்துக்கு ஓய்வு. குலசேகரத்திலோ அருமனையிலோ மார்ச்சில் எடுத்த கூலிக் கணக்கை வருடத்துக்கு 12-ஆல் பெருக்கினால் தொழிலாளி பட்டினி கிடப்பதாக வரும். நல்ல வெட்டு நடக்கும் மாதத்தில் எடுத்துப் பெருக்கினால் பணக்காரராகிவிடுவார்.

சாம்பிள் எடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 82 விழுக்காட்டுக்கு மேல் நகர்ப்புறம். தென்னையும் வாழையும் ரப்பருமாக இருக்கும் ஊர் எப்படி நகரம்? பேரூராட்சிகள் அதிகம், பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் கணக்கில் நகரம். வேறு மாவட்டத்து ஆய்வேட்டைப் பார்த்து "கிராமப்புறம் பாதி, நகர்ப்புறம் பாதி" என்று சாம்பிள் பிரித்தால், வேலை, வீடு, பழக்கம் எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு தெருக்களை எதிரெதிர் உலகமாகக் காட்ட நேரும். இங்கே கடற்கரை, நடுப்பகுதி, மலையோரம் என்று பிரிப்பதுதான் பொருள் தரும். எழுத்தறிவு 91.75 விழுக்காடு, ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள் என்பதும் அதே கணக்கெடுப்பு. எனவே "பெண்கள் படிக்கவில்லை, அதனால் வேலைக்குப் போகவில்லை" என்ற பொதுப் பாடநூல் வரி இங்கே எடுபடாது. படித்தும் வேலைக்குப் போகாதது ஏன் என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. நம் மாணவிகள் அதை நன்றாகவே விவாதிப்பார்கள்.

சமுதாயக் கல்லூரி வகுப்புக்கு வருவோம். ஒரு வருட டிப்ளமோவின் வாழ்க்கைத் திறன் வகுப்புக்கு, பிஎச்.டி. வரலாற்றாளரைவிட எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் பெரும்பாலும் பொருத்தமானவர். காரணம் களப்பணி. சமூகப்பணி முதுகலையில் ஒவ்வொரு செமஸ்டரிலும் மருத்துவமனை, பள்ளி, மகளிர் குழு, மீனவர் ஊர் என்று போய், தனி ஆளோடும் குழுவோடும் வேலை செய்து அறிக்கை எழுத வேண்டும். படிப்பை விட்ட பையன் வகுப்பில் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது, வீட்டில் குடிப்பிரச்சினை என்று ஒரு பெண் சொன்னால் யாரிடம் அனுப்புவது என்பதெல்லாம் அவர்களுக்குப் பழக்கம். எம்.எஸ்.டபிள்யூ. ஆசிரியரின் களப்பணி எங்கே நடந்தது என்று கேளுங்கள். சுனாமிக்குப் பிந்தைய மறுவாழ்வு, 2017 நவம்பர் 30 ஒக்கி புயலுக்குப் பின் காணாமல்போனவர்களின் குடும்பங்கள், மனநலம், முதியோர் என்று எதில் வேலை செய்தாரோ அந்தப் பக்கம் அவருக்குப் பலம் இருக்கும்.

அதே சமயம் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவது தப்பு. அரசியலமைப்பும் உள்ளாட்சியும் நடத்த அரசியல் அறிவியல் படித்தவர் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வந்தாலே வித்தியாசம் தெரியும். பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் அதிகாரம் எதில் வேறுபடுகிறது, நூறு நாள் வேலைத் திட்டம் ஏன் ஊராட்சியில் மட்டும் இருந்தது, தகவல் உரிமை மனுவில் 10 ரூபாய்க் கட்டணத்தை எப்படிக் கட்டுவது, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு யாரிடம் என்பவை டிப்ளமோ மாணவருக்கு நாளையே பயன்படும். வகுப்பிலேயே ஒவ்வொருவரும் ஒரு மனு எழுதட்டும். பொதுவான தவறு என்னவென்றால் "ஏன் செய்யவில்லை" என்று காரணம் கேட்டு எழுதுவார்கள்; அலுவலகம் திருப்பிவிடும். "இந்தச் சாலைக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்த ஆணையின் நகல்" என்று இருக்கிற ஆவணத்தைக் கேட்டால்தான் பதில் வரும்.

பகுதிநேரமாக வருகிறவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். மானியக் குழுவின் 2019 வழிகாட்டுதல் விருந்தினர் ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்கிறது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. வாரத்துக்கு நேரடி வகுப்பு 16 மணி. சுயநிதிப் பிரிவுகளிலும் சிறிய சமுதாயக் கல்லூரிகளிலும் கைக்கு வருவது இந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில்கூட வராத இடங்கள் பல. இரண்டு மூன்று இடங்களில் வகுப்பெடுத்து, மிச்ச நேரத்தில் டியூஷன் எடுத்து ஓடுகிறவரிடம் புதிய நோட்ஸ் கேட்பது நியாயமில்லை. ஆசிரியர் வருடா வருடம் மாறிக்கொண்டே இருக்கும் துறையைக் கண்டால் ஆசிரியரைக் குறை சொல்லாமல் நிர்வாகத்திடம் காரணம் கேளுங்கள்.

இப்படி வேலை செய்கிறவர்கள் ஒரு ஃபைலைக் கவனமாகப் பராமரிக்க வேண்டும். சேர்ந்த நாளின் நியமன ஆணை, விலகிய நாளின் பணிவிடுவிப்பு, வருகைப் பதிவின் நகல், சம்பளம் வங்கியில் ஏறிய ஸ்டேட்மென்ட். அனுபவச் சான்றில் பாடத்தின் பெயர், சுழற்சி (ஷிஃப்ட்) ஒன்றா இரண்டா, முழுநேரமா மணிக்கணக்கா, நாளிலிருந்து நாள் வரை எல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலும் "2019 முதல் 2022 வரை பணியாற்றினார்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த ஒரு வரிச் சான்று சரிபார்ப்பில் நிற்காது. மேலொப்பம் தேவைப்பட்டால் திருநெல்வேலி மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். கல்லூரி முதல்வர் மாறுவதற்கு முன் வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம். பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு இனிஷியலும் பிஎச்.டி.யில் இன்னொரு இனிஷியலும் இருந்தால் அரசிதழில் பெயர்த் திருத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பிஎச்.டி. வைவா முடிந்த நாள் அறிவிக்கையின் கடைசி நாளுக்கு முன்பாக இருப்பது மட்டும் போதாது. பல்கலைக்கழகம் தரும் தற்காலிகச் சான்றின் தேதியும் அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

சேரப் போகிற மாணவரின் வீட்டார் துறைத்தலைவரிடம் நேரில் கேட்கலாம்: பொதுக் கல்விப் பாடங்களை நடத்துவது யார், அவர் இந்தத் துறைக்காரரா அல்லது காலி மணி நேரத்தை நிரப்ப வந்தவரா, போன வருடம் மாணவர்கள் எந்த ஊரில் களப்பணி செய்தார்கள், அந்த அறிக்கையைப் பார்க்கலாமா? அறிக்கையை எடுத்துக் காட்டினால் வாங்கிப் புரட்டுங்கள். எல்லா மாணவருடைய அறிக்கையிலும் ஒரே பத்தி திரும்பத் திரும்ப வந்தால் களத்துக்கு யாரும் போகவில்லை. ஊர்ப் பெயரும் தேதியும் ஆளுக்கு ஆள் மாறி, கையால் வரைந்த தெரு வரைபடம் ஒன்று இணைத்திருந்தால், கூடப் போய்ச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அங்கே இருக்கிறார். அவர் எந்த நேரம் துறையில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு, ஃபீஸ் கட்டும் முன் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.